வாசனையில்லாத எண்ணெய்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமே கிடையாது. கரப்பான்பூச்சி என்றால் பயம், ஊசி என்றால் பயம், முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டாலே பயம். கல்யாணமான புதிதில் குளியலறையில் ஒரு பல்லியைப் பார்த்து நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டார். அன்றிலிருந்து பல்லி, பூச்சி, ஃபியூஸ் போன விளக்கு எல்லாம் என் மனைவியின் இலாகா. லாரி மட்டும் என் இலாகா. அதுவும் மீன்குஞ்சு ஏற்றும் தொட்டி லாரி. உருட்டிக்கொண்டே போனால்தான் குஞ்சுகள் பிழைக்கும் என்பதால் வேகம் கூடாது. என் சுபாவத்துக்கென்றே யாரோ பார்த்துச் செய்துவைத்த வேலை அது.

மனைவியும் நான் வேலை செய்யும் அதே மீன் பண்ணையில்தான் இருக்கிறாள். முட்டை ரூமில். நீளநீளமான தட்டுகளில் மீன் முட்டைகள் பரப்பி வைத்திருப்பார்கள், மேலே ஜில்லென்று தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். செத்த முட்டை வெளுத்துப் போகும். அதை உடனே எடுக்காவிட்டால் பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டைகளையும் கொன்றுவிடும். அவள் கையில் ஒரு சின்னக் குறடு வைத்துக்கொண்டு, மங்கலான சிவப்பு விளக்கில், வெளுத்த முட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பாள். கை நடுங்காது. கண் சலிக்காது. நான் ஒரு தடவை முயன்று பார்த்தேன், நல்ல முட்டையாகப் பார்த்து நசுக்கினேன். 'நீங்க போய் லாரியைத் தொடைங்க' என்று அனுப்பிவிட்டாள்.

அந்தப் பண்ணையில் எங்கள் வீட்டு ஆள் இன்னொருவரும் உண்டு. அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான். தீவனக் கொட்டகை அவர் ராஜ்யம். எல்லாரும் அவரை மூக்கண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்திலிருக்கும் மூக்கு சாதாரண மூக்குதான், ஆனால் அது செய்யும் வேலை சாதாரணம் இல்லை. மீன் தீவனக் குருணையின் மேல் மீன் எண்ணெய் தெளித்துப் புரட்ட வேண்டும். அந்த எண்ணெய் கெட்டுப்போயிருந்தால் மீனுக்கு ஈரல் கெடும். எண்ணெய் டிரம் வந்ததும் மூடியைத் திறந்து சுண்டுவிரலை முக்குவார். புறங்கையில் தேய்ப்பார். மோந்து பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு நாக்கு நுனியில் ஒரு பொட்டு வைப்பார். பழைய பெயிண்ட் மாதிரி ஒரு காறல் வந்துவிட்டால் டிரம் வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். முதலாளியே சொன்னாலும் இறக்க விடமாட்டார்.

போன வருஷக் கடைசியில் புதிதாக ஒரு வியாபாரியிடமிருந்து எண்ணெய் வர ஆரம்பித்தது. முதல் டிரம்மைத் திறந்தபோது நானும் பக்கத்தில் நின்றிருந்தேன். மச்சான் மோந்து பார்த்தார், மறுபடி மோந்து பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது.

"மாப்பிள்ள, இங்க வாங்க. மோந்து பாருங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே மச்சான்."

"அதைத்தான் சொல்றேன். காறல் இல்ல, கசப்பு இல்ல, கவுச்சிகூட பாதிக்குப் பாதிதான். இத்தனை வருஷத்துல இவ்வளவு சுத்தமான எண்ணெய் நான் பாத்ததே இல்ல."

கெட்ட எண்ணெய் நாறும் என்பது அவர் தொழில் அவருக்குக் கற்றுக்கொடுத்தது. நாறாத எண்ணெய் நல்ல எண்ணெய் என்பது அவராகச் சேர்த்துக்கொண்டது. அன்று அது எனக்கும் சரியாகத்தான் பட்டது. முதல்தரமான சரக்கு என்று, தாய்மீன் தொட்டிகளுக்கு மட்டும் அதைத் தனியாக ஒதுக்கி வைத்தார். சினை வைக்கும் மீனுக்குத்தான் நல்லதெல்லாம் போக வேண்டும் என்பார்.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவிக்கும் நாள் தள்ளிப்போனது. கல்யாணமாகி ஏழு வருஷம். இரண்டு தடவை வந்து தங்காமல் போயிருந்தது. இந்தத் தடவை தங்கியது. எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. அவள் தும்மினால் நான் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். மச்சானோ தலைகால் புரியாமல் இருந்தார். அப்பா அம்மா இல்லாமல் தங்கையைத் தூக்கி வளர்த்தவர், தனக்கென்று ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளாதவர். அவர் எங்களுக்கு அடுத்த தெருவில் இருந்தாலும் அவருடைய உயிர் எங்கள் வீட்டில்தான் இருந்தது.

எங்கள் பண்ணையில் ஒரு வழக்கம். வயதான தாய்மீன்களிடம் கடைசியாக ஒரு தடவை சினை பிழிந்து எடுத்துவிட்டு, அவற்றைத் தொட்டியிலிருந்து கழித்துவிடுவார்கள். விற்பனைக்குப் போகாது, வேலை செய்பவர்கள் பங்கு போட்டு எடுத்துப் போவார்கள். தீவனக்காரருக்குத்தான் முதல் பங்கு. சினை பிழியும் காலம் முழுக்க மச்சான் இருப்பதிலேயே பெரிய, வயதான, கொழுத்த மீனாகப் பார்த்து எடுத்து வந்தார். அதிலும் அடிவயிற்றுக் கொழுப்பும் ஈரலும் தங்கைக்கு. எனக்கு வால். 'மாப்பிள்ளைக்கு லாரி ஓட்ட வாலே போதும்' என்பார். அவள் சிரித்துக்கொண்டே சாப்பிடுவாள். வாரத்துக்கு மூன்று தடவையாவது சாப்பிட்டிருப்பாள். கன்னம் மினுமினுத்தது. நானே அதைப் பார்த்துப் பூரித்தேன்.

பிறகு முட்டைகள் பொரிந்தன.

அன்று காலை குஞ்சு ஏற்றுவது பற்றிக் கேட்க நான் முட்டை ரூமுக்குப் போனேன். அவள் ஒரு தட்டின் முன்னால் நின்றிருந்தாள். குறடு கையில் இருந்தது, ஆனால் எதையும் எடுக்கவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, குஞ்சு கொஞ்சம் சோர்வா இருக்கு" என்றாள். நான் எட்டிப் பார்ப்பதற்குள் தட்டின் மேல் மூடியைப் போட்டுவிட்டாள். நீங்க பயந்துடுவீங்க என்று சொல்லி என்னிடமிருந்து அவள் எத்தனையோ விஷயங்களை மூடி வைத்திருக்கிறாள், அதனால் எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

அடுத்த சில நாட்களில் குஞ்சுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. முதலாளி மீன் டாக்டரை வரவழைத்தார். குட்டையாக, படபடவென்று பேசுகிற ஒரு அம்மா. வந்ததும் நேராக முட்டை ரூமுக்குள் போனார், ஒரு மணி நேரம் கழித்துக் கையில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தோடு தீவனக் கொட்டகைக்கு வந்தார். மச்சான் மதியமே கிளம்பிப் போய்விட்டார். கொட்டகையில் நான் மட்டும்தான் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன்.

"நீங்கதான் தீவனம் பாக்கறவரா?"

"இல்லம்மா, நான் டிரைவர். அவர் என் மச்சான்."

"சரி, நீங்களே பாருங்க" என்று சொல்லி உருப்பெருக்கிக் கண்ணாடியை என் கையில் திணித்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, பார்த்தேன். குஞ்சு மீன் பிறக்கும்போது வயிற்றில் மஞ்சள் கருப் பையைக் கட்டிக்கொண்டு பிறக்கும். முதல் சில வாரம் அதுதான் அதற்குச் சாப்பாடு. நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஒரு ஆரஞ்சு மணி மாதிரி அழகாக இருக்கும். இந்தக் குஞ்சுக்கு அந்தப் பை நீர் கோத்து, நீலம் பாரித்து, உடம்பைவிடப் பெரிதாக வீங்கியிருந்தது. அங்கங்கே ரத்தப் புள்ளிகள். கீழ்த்தாடை இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு துண்டு மட்டும் இருந்தது. முதுகு வளைந்திருந்தது. வாய் மூட முடியாமல் அது துடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"தண்ணிதான் சரியில்லையோ?" என்றேன், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"தண்ணியில ஒண்ணும் இல்ல. அதே தண்ணியில, அதே வரிசையில, வெளியிலேருந்து வாங்கின முட்டை ஒரு தட்டு பொரிச்சிருக்கு. அந்தக் குஞ்செல்லாம் துள்ளிக்கிட்டு இருக்கு. கோளாறு உங்க தாய்மீன்கிட்ட. அதுக்கு நீங்க என்ன போட்டீங்க?"

"எங்க தாய்மீன் எல்லாம் கொழுகொழுன்னு இருக்கேம்மா!"

"இருக்கும். அதுதான் இதுல மோசம். சில ரசாயனம் தீவனத்தோட உள்ள போனா வெளிய போகாது. கொழுப்புல போய் உக்காந்துக்கும், ஈரல்ல உக்காந்துக்கும். மீன் எவ்வளவு பெருசோ, வயசு எவ்வளவு அதிகமோ, அவ்வளவு சேந்திருக்கும். அம்மாவைப் பாத்தா ஒண்ணுமே தெரியாது. சினை பிடிக்கும்போது அந்தக் கொழுப்பைத்தானே எடுத்து முட்டைக்குக் குடுக்கும்? அம்மா மொத்தத்தையும் புள்ளைக்கு இறக்கி வெச்சிடும்."

அந்த அம்மா அதற்குள் டிரம்களைப் பார்த்து நடந்துவிட்டார். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சின்னச் சீசாவில் எண்ணெய் எடுத்தார். தாய்மீனின் ஈரலையும் கொழுப்பையும் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தார். சோதனைக்கூடத்துக்கு என் லாரியிலேயே கொண்டுபோய் விடச் சொன்னார் முதலாளி. வழியெல்லாம் அந்தப் பெட்டி எனக்கும் டாக்டரம்மாவுக்கும் நடுவில் இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் உள்ளங்கை வழுக்கியது.

"டாக்டரம்மா," என்றேன் கடைசியில். "இந்த மீனை மனுஷங்க சாப்பிட்டா?"

அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "யார் சாப்பிட்டது?"

"யாரும் இல்ல. சும்மா கேட்டேன்."

நாக்கு கூசாமல் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் அவர் பதில் சொல்லிவிடுவார் என்ற பயம்தான். அவர் பெட்டியின் மூடியை அழுத்திப் பார்த்துவிட்டு, "முடிவு வர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. முக்கியமா வயித்துப்புள்ளக்காரிங்க, பால் குடுக்கறவங்க" என்றார். நான் பிரேக்கில் கால் வைத்துவிட்டேன். பின்னால் வந்தவன் ஹாரனை அடித்து என் பரம்பரையையே திட்டிவிட்டுப் போனான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே மீன் வேகும் வாசனை. மச்சான் மதியம் சீக்கிரமாகக் கிளம்பியது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. அடுப்படியில் கரண்டியோடு நின்றிருந்தார். மனைவி மேஜையில் உட்கார்ந்திருந்தாள். அவள் தட்டில் பளபளவென்று ஒரு துண்டு ஈரல்.

"பசிக்கல அண்ணே," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பசிக்கலன்னா? உள்ள இருக்கறதுக்குப் பசிக்கும். ரெண்டே வாய். நான் ஊட்டி விடட்டுமா?"

அவள் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். துண்டைக் கையில் எடுத்தாள். எனக்கு மூளை வேலை செய்யவில்லை, கால்தான் வேலை செய்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் மேஜையில் மோதினேன். தட்டு, தண்ணீர்ச் செம்பு, நான் மூன்று பேரும் தரையில் விழுந்தோம். எழுந்திருக்கிற சாக்கில் அடுப்பு மேலிருந்த சட்டியையும் இழுத்துத் தள்ளினேன். முழங்கை வெந்தது.

"உங்களுக்கு என்ன பைத்தியமா மாப்பிள்ள? கண்ணு தெரியலையா? இருந்ததிலயே பெரிய மீனு!"

"கால் தடுக்கிடுச்சு மச்சான்" என்று அசடு வழிந்தேன்.

அவர் கரண்டியைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் வீசிவிட்டுக் கோபித்துக்கொண்டு போய்விட்டார். மனைவி எழுந்து வந்தாள். என் முழங்கையைக் குழாய்த் தண்ணீரில் காட்டினாள். பிறகு தரையில் கிடந்ததையெல்லாம் வழித்து, ஒரு பையில் போட்டு, இன்னொரு பையில் போட்டு, இறுக்கி முடிச்சுப் போட்டுக் குப்பையில் போட்டாள். ஜன்னலில் வந்து உட்கார்ந்த பூனை கத்தோ கத்தென்று கத்தியது. அதை விரட்டிவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்.

அன்றிலிருந்து முடிவு வரும்வரை நான் இருந்த இருப்பு எதிரிக்கும் வரக்கூடாது. அவள் வயிற்றில் குழந்தை அசையும்போது என் கையை எடுத்து வைத்துக் காட்டுவாள். முன்பெல்லாம் அது உதைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். இப்போது உதைத்தாலும் பயம், உதைக்காவிட்டாலும் பயம். கண்ணை மூடினால் அந்தக் கண்ணாடிக் கிண்ணம். மூட முடியாத அந்த வாய். பழக்கடையில் நின்றால், இதில் என்ன தெளித்திருப்பார்களோ என்று கையில் எடுத்த பழத்தைத் திருப்பி வைத்தேன். பால்காரரிடம் உங்கள் மாடு என்ன தின்கிறது என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களைவிட நல்லாவே தின்னுது" என்றார்.

முடிவை மீன் டாக்டர் நேரிலேயே வந்து சொன்னார். அந்த எண்ணெயில் பாதிதான் மீன் எண்ணெய். மீதி, எங்கோ கழித்துப்போட்ட பழைய டிரான்ஸ்ஃபார்மர்களிலிருந்து வடித்த, அந்த ரசாயனம் கலந்த எண்ணெய். எந்தப் புண்ணியவானோ காசுக்காகக் கலந்து விற்றிருக்கிறான். அதற்கு வாடை கிடையாது, காறல் கிடையாது, வருஷக்கணக்கில் வைத்திருந்தாலும் கெட்டுப்போகாது. முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு போலீசுக்கு ஃபோன் போட ஓடினார். கொட்டகையில் நானும் மச்சானும் நின்றோம்.

மச்சான் போய் டிரம் மூடியைத் திறந்தார். விரலை முக்கினார். மோந்து பார்த்தார். புறங்கையில் தேய்த்து மறுபடி மோந்தார். பிறகு குனிந்து, டிரம்முக்குள்ளேயே முகத்தை வைத்து மோந்து பார்த்தார். நிமிர்ந்தபோது மூக்கு நுனியில் எண்ணெய் ஒட்டியிருந்தது.

"மாப்பிள்ள, உங்களுக்கு ஏதாவது வாடை வருதா?"

"இல்ல மச்சான்."

"எனக்கும் வரல. அந்தம்மா தப்பா சொல்லுது. எனக்குத் தெரியாததா?" என்றவர் அப்படியே நின்றுவிட்டார். முகம் மெல்ல மெல்ல மாறியதை நான் பார்த்தேன். தாய்மீன் தொட்டிக்கு மட்டும் தனியாக ஒதுக்கியது, கழித்த மீனில் பெரியதாகப் பார்த்துப் பொறுக்கியது, ஈரல், அடிவயிறு, எல்லாம் ஒவ்வொன்றாக அவருக்குள் இறங்குவது தெரிந்தது. பேயறைந்தவர் மாதிரி ஆகிவிட்டார்.

"அன்னிக்கு உங்களுக்குக் கால் தடுக்கல," என்றார்.

நான் வெந்த முழங்கையைத் தடவிக்கொண்டேன்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லிடாதீங்க மாப்பிள்ள. உங்க கால்ல வேணாலும் விழறேன். பயத்துலயே ஏதாவது ஆயிடும். ரெண்டு தடவை ஏற்கெனவே..." நானும் சரி என்றேன். ஆம்பிளைகள் இரண்டு பேர், ஒரு எண்ணெய் டிரம்முக்குப் பக்கத்தில் நின்று ஒருத்தியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டோம்.

ஸ்கேன் எடுக்கும் நாள் வந்தது. மச்சானும் கூட வந்தார். வராண்டாவில் வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் ஓரமாக ஒன்றில் உட்கார்ந்து, கைகளை முழங்கால்களுக்கு நடுவில் செருகிக்கொண்டார். என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு திரை, ஒரு மின்விசிறி. ஸ்கேன் எடுக்கும் அம்மா அவள் வயிற்றில் ஏதோ குழகுழவென்று தடவி, கருவியை வைத்து நகர்த்தினார். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ நெளிந்தது. எனக்கு எது தலை எது கால் என்று புரியவில்லை. புரிய வேண்டாம் என்றும் இருந்தது. நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இதயத் துடிப்பு நல்லா இருக்கு," என்றார் அந்த அம்மா.

"மேடம்," என்றாள் என் மனைவி. "முதுகெலும்பு நேரா இருக்கா?"

"நேரா இருக்கும்மா."

"வால் பக்கம்... கீழ்ப்பக்கம் எங்கயும் வளையலையே?"

"இல்லையே."

"தாடை? கீழ்த்தாடை முழுசா வந்திருக்கா? உள்ள இழுத்த மாதிரி இல்லையே?"

ஸ்கேன் எடுப்பவரின் கை நின்றது. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்த நான் அவளைப் பார்த்தேன். அவள் கண் திரையை விட்டு அசையவில்லை. முட்டைத் தட்டைப் பார்க்கிற அதே பார்வை.

"வயித்துல, நெஞ்சைச் சுத்தி, எங்கயாவது நீர் கோத்திருக்கா மேடம்? ரத்தம் கசிஞ்ச மாதிரி புள்ளி ஏதாவது?"

"இதையெல்லாம் யாரும்மா உனக்குச் சொன்னது? ஃபோன்ல கண்டதையும் படிக்கிறியா?"

"இல்ல மேடம். வேலை செய்யற எடத்துல பாக்கறது."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் முழித்தேன். பாவம், நல்ல மனுஷி, அதட்டாமல் ஒவ்வொன்றாகக் கருவியை வைத்து, பொறுமையாகத் திரையில் காட்டினார். இது முதுகு. இது தாடை. இது வயிறு, நீர் எதுவும் இல்லை. எல்லாம் அந்தந்த மாதத்துக்கு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கிறது. என் மனைவி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். கடைசியில் வயிற்றைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தபோதுதான் அவள் விரல்களைக் கவனித்தேன். அந்தக் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

வெளியே வந்ததும் மச்சான் எழுந்து நின்றார். "நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க" என்றேன். அவ்வளவுதான், சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் கெட்ட செய்தி என்று நினைத்து உச்சுக்கொட்டினார்கள். நாங்கள் அவரைக் கூட்டிக்கொண்டு வாசல் படிக்கு வந்தோம். வெயிலில் கண் கூசியது. எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கிய மாதிரி இருந்தது, எதையாவது வாங்கித் தின்ன வேண்டும் போல இருந்தது.

"எல்லாம் சரியாயிடுச்சு," என்றேன். "இனிமே பயமே இல்ல."

அவள் படியில் நின்றுவிட்டாள்.

"முட்டைக்குள்ள இருந்த வரைக்கும் அதுங்களும் நல்லாத்தாங்க இருந்துச்சு."

நானும் மச்சானும் அவளைப் பார்த்தோம்.

"ஒவ்வொரு முட்டையா வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தவ நான். கண்ணு ரெண்டும் கருப்பா, அழகா. உள்ள உருண்டு உருண்டு வெளையாடும். ஒண்ணுலயும் ஒரு குறை சொல்ல முடியாது. பொரிச்சு வந்தப்பகூட பாதி நல்லாத்தான் இருந்துச்சு. அந்தப் பையிலேருந்து சாப்பிட ஆரம்பிச்ச அப்புறம்தான் வீங்குச்சு."

"உனக்குத் தெரியுமாம்மா?" என்றார் மச்சான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"தட்டுல மொத மொதல்ல பாத்தது நான்தானே அண்ணே. பக்கத்துத் தட்டு நல்லா இருக்கு, நம்ம தட்டு மட்டும் இப்படி. தாய்மீன்னு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. இவருக்குச் சொன்னா பயப்படுவாரு. உனக்குச் சொன்னா நீ செத்தே போயிடுவே. அதான் பசிக்கலன்னு சொல்லிப் பாத்தேன்."

"நான் மோந்து பாத்தேன்மா," என்றார் அவர். "ஒவ்வொரு தடவையும் நல்லா மோந்து பாத்துத்தான் குடுத்தேன்."

"தெரியும் அண்ணே."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களும் போகிறவர்களும் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். அவள் குனிய முடியாமல் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அவர் தலையில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் முகத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. எனக்கு அது நன்றாகத் தெரிந்த விஷயம்தான், தினமும் கண்ணாடியில் பார்ப்பது.

"எனக்குப் பயமா இருக்குங்க," என்றாள். "உள்ள கேக்கணும்னு வந்தேன். வாய் வரைக்கும் வந்துச்சு, கேக்க முடியல. நீங்க வந்து கேக்கறீங்களா?"

"என்ன கேக்கணும்?"

"பொறந்ததும் நான் பால் குடுக்கலாமான்னு."

மீன் டாக்டர் லாரியில் வைத்துச் சொன்னது எனக்கு நினைவிருந்தது. எதைச் சாப்பிடக் கூடாது என்றுதான் அவர் சொன்னாரே தவிர, சாப்பிட்டுவிட்டவள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. நான்தான் சொல்ல விடவில்லை. மச்சானைத் தூக்கி நிறுத்தினேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், இரண்டு கையும் ஒரே மாதிரி ஈரமாக இருந்தது. மூன்று பேரும் மறுபடி படியேறினோம்.

சீட்டுக் கொடுக்கிற பெண் நிமிர்ந்து பார்த்தாள். "இப்பத்தானே போனீங்க? எதையாவது மறந்துட்டீங்களா?"

"இல்லம்மா," என்றேன். "டாக்டரைப் பாக்கணும். என் சம்சாரம் என்ன சாப்பிட்டான்னு சொல்லணும்."